கண் பழகிப்போன அறை

கரண்ட் இல்லாத வீட்டில் பிறந்து, கரண்ட் வந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாம். இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு இப்போது கண்ணில் புரை விழுந்திருக்கும். சிலர் சத்திரசிகிச்சையே முடித்திருப்பீர்கள். போன மாதம் எனக்கும் வலது கண்ணில் செய்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று அந்தக் கண்ணால் பார்த்தால் சுவர் வெள்ளை. அதை மூடிவிட்டு இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர் பழுப்பு. இத்தனை வருடம் அந்தப் பழுப்பைத்தான் வெள்ளை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க" என்று டொக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒப்பரேஷன் பயம் என்று மகள் நினைத்தாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு விளங்கும்.

எங்கள் வீடு கற்பிட்டிக்கு வெளியே, வெங்காயத் தோட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருடம்தான் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. வாப்பா வயரிங் வேலை செய்பவர். ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் வீடுகளுக்கு லைட் போட்டவர், தன் வீட்டில் முதல் பல்பைப் பின்னறையில்தான் மாட்டினார். உம்மாவுக்கு அடுத்த பிள்ளை கிடைக்கப்போகிற நேரம். பிள்ளையும் தாயும் இருக்கப்போகிற அறை அதுதான்.

துணி சுற்றிய வயர் ஒன்று முகட்டிலிருந்து தொங்கும். அதன் நுனியில் தேங்காய்க் குரும்பை அளவுக்கு ஒரு கண்ணாடி பல்ப். சுவரில் வட்டமான கறுப்புச் சுவிட்ச், அதன் நடுவில் பித்தளைக் குமிழ். அதைக் கீழே தட்டும்போது வரும் 'டொக்' என்ற சத்தம் இப்போதைய சுவிட்சுகளுக்கு இல்லை. தட்டித் தட்டிப் பார்த்ததற்காக வாப்பாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

தம்பி ஆஸ்பத்திரியில் பிறந்தான். மறுநாளே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வாப்பாவின் அக்கா, நான் மாமி என்று கூப்பிடுகிறவர், உம்மாவைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பியைக் கையில் வாங்கியபோது அவர் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. அதனால் அவர் போட்ட சட்டங்களைப் பற்றி இங்கே எழுதும்போது அவரைக் குறை சொல்கிறேன் என்று எடுக்காதீர்கள்.

சட்டங்கள் இவைதான். நாற்பது நாள் முடியும் வரை பிள்ளை வெளியே போகக் கூடாது. அறைக்குள் காற்று வரக் கூடாது. கச்சான் காற்று மணலை அள்ளி வீசுகிற காலம் அது, சோற்றில்கூட மண் கடிபடும். அறையில் இருந்த ஒரே யன்னலில் வாப்பா இடுப்பில் உடுத்துகிற தடித்த சாரம் ஒன்றை மடித்து நாலு மூலையிலும் கயிறு போட்டுக் கட்டிவிட்டார் மாமி. பகலிலும் பல்ப் எரிந்துகொண்டே இருந்தது. சாம்பிராணிப் புகை, வேக வைத்த பூண்டு, உம்மா குளிக்கிற தண்ணீரில் போடும் மஞ்சள், எல்லாம் கலந்த ஒரு வாசம். கதவைத் திறந்தால் அது முகத்தில் வந்து ஒட்டும்.

முதல் பயம் இப்படித்தான் வந்தது. பள்ளி விட்டு மத்தியான வெயிலில் வெள்ளை மணல் தெருவில் ஓடிவந்து அந்த அறைக்குள் நுழைந்தேன். உள்ளே எல்லாரும் மஞ்சளாக இருந்தார்கள். உம்மாவின் முகம், மாமியின் பல், பாய், சுவர், தம்பியைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணி, ஒன்று பாக்கியில்லாமல் மஞ்சள். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. அந்தக் கடைக்காரருக்கு முந்தின வருடம் மஞ்சள் காமாலை என்கிற செங்கமாரி வந்தது. என்னைக் கண்டால் தோடம்பழ இனிப்பு ஒன்றைச் சும்மா தருகிற மனுசன். கடைசியாக அவரைப் பார்த்தபோது கடைத் திண்ணையில் சாய்ந்து கிடந்தார். கண்ணின் வெள்ளை, முட்டையின் மஞ்சள்கரு மாதிரி இருந்தது. அந்தக் கிழமையே மௌத்தாகிவிட்டார். மஞ்சள் என்றால் சாவு என்று அன்றே என் மனதில் பதிந்துவிட்டது.

"ஏன் புள்ள நிக்கிறாய்? கதவைச் சாத்திட்டு உள்ளுக்கு வா" என்றார் மாமி.

"உம்மா மஞ்சளா இரிக்கிறாங்க."

"மஞ்சள் போட்டுக் குளிச்சா மஞ்சளாத்தான் இரிக்கும்."

"தம்பியும்."

"உம்மாட கை படுதுதானே. வா, வந்து குந்து."

உட்கார்ந்தேன். உம்மா என் தலையைத் தடவினார். கொஞ்ச நேரத்தில் துணி வெள்ளையாகிவிட்டது. உம்மாவும் உம்மா மாதிரியே ஆகிவிட்டார். ஆனால் அடுத்த நாளும் அதேதான் நடந்தது. அதற்கடுத்த நாள் நான் பள்ளி விட்டு வந்து, கிணற்றடியில் புத்தகப் பையோடு இருந்துகொண்டு, உள்ளே போக மாட்டேன் என்று அழுதேன்.

வாப்பா மதுரங்குளியில் ஒரு பெரிய வீட்டு வேலையில் இருந்தார். கிழமை நாட்களில் அங்கேயே தங்கிவிட்டு வியாழன் பின்னேரம் வருவார். அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகச் சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றவரிடம் மாமி என் கதையைச் சொன்னார். வாப்பா கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிப்போனார்.

"என்ட சேட்டு என்ன நிறம்?"

"வெள்ளை."

என்னைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போனார். "இப்ப?"

"மஞ்சள்" என்றேன்.

அவர் என்னைப் பாயில் இருத்தி, தானும் பக்கத்தில் குந்தி, மதுரங்குளி வீட்டுக்காரரின் கிளியைப் பற்றிக் கதை சொல்லத் தொடங்கினார். அந்தக் கிளி யார் போனாலும் ஸலாம் சொல்லுமாம். வாப்பா ஏணியில் நிற்கும்போது சொன்னதால் பதில் சொல்லப்போய் வாயில் கடித்திருந்த ஆணியை விழுங்கப் பார்த்தாராம். நான் சிரித்துவிட்டேன். அப்போது கேட்டார்.

"இப்ப சேட்டு என்ன நிறம்?"

பார்த்தேன். வெள்ளை. முற்றத்தில் இருந்த அதே வெள்ளை.

"பல்ப் வெளிச்சம் மஞ்சள்தான், மகள். வெயில்ல இரிந்து வந்தா அது தெரியும். கொஞ்ச நேரம் போனா கண் பழகிரும், மஞ்சளைக் காணாது. பயம் வந்தா இப்படிக் கொஞ்சம் குந்தி இரி. போயிரும்."

எனக்கு அவ்வளவு நிம்மதி. வாப்பா சொன்னது உண்மை. இன்று படித்தவர்களிடம் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். அவர் அன்று தம்பியையும் குனிந்து பார்த்தார், நெற்றியில் முத்தமிட்டார். ஆனால் பாயில் குந்திக் கதை சொல்லிக் கண் பழகிய பிறகுதான் பார்த்தார். ஒரு உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எங்கே தவறினார் என்று எனக்கு விளங்கவே பல வருடம் எடுத்தது. மஞ்சள் வெளிச்சத்தில் இருக்கிற கண், அந்த மஞ்சளை எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிடுகிறது. துணியிலிருந்து கழித்தது. சேட்டிலிருந்து கழித்தது. தம்பியின் தோலில் இருந்த மஞ்சளையும் சேர்த்துக் கழித்துவிட்டது.

சனிக்கிழமை வாப்பா வேலைக்குப் போய்விட்டார். நான் அவர் சொன்னபடியே நடந்தேன். வெளியே இருந்து வந்தால் எல்லாம் மஞ்சளாகத் தெரியும். பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடாமல், கிளிக் கதையை எனக்குள் சொல்லிக்கொள்வேன். மஞ்சள் மெல்ல மெல்ல வடிந்துபோகும். பயமும் போகும். பெரிய ஆள் ஆகிவிட்டதாக எனக்கு நினைப்பு.

தம்பி நன்றாகத் தூங்கினான். பாலுக்கு எழுப்பினாலும் இரண்டு தரம் சப்பிவிட்டு மறுபடி தூங்கினான். "அழுது அரச்சல் குடுக்காத புள்ள" என்று மாமி வருகிற பெண்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். வந்தவர்களும் அதே பல்புக்குக் கீழே குந்தி, இஞ்சிக் கோப்பி குடித்து, நல்ல நிறமான பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உம்மா மட்டும் அவ்வளவாகப் பேசவில்லை. பால் கட்டி நெஞ்சு வலிக்கிறது என்றார். ஒருநாள் தம்பி அழுதபோது அந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. கம்பியால் தகரத்தில் கீறினால் வருகிற சத்தம் மாதிரி மெல்லிசாக, உச்சத்தில். உம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் உம்மாவைப் பார்த்தேன்.

மறுநாள் பள்ளி இல்லை. காலையிலிருந்தே காற்று பேயாக அடித்தது. மாமி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் உம்மாவின் காலடியில் வெகுநேரமாக உட்கார்ந்திருந்தேன். கண் நன்றாகப் பழகியிருந்தது. சுவர் வெள்ளை, துணி வெள்ளை, தம்பி எப்போதும் போல. அப்போது யன்னலில் கட்டியிருந்த சாரத்தின் ஒரு மூலைக் கயிறு அறுந்தது. துணி படபடவென்று அடித்து, மடிந்து, வெளியே இருந்து ஒரு கீற்று வெளிச்சம் பாயில் விழுந்தது.

அந்தக் கீற்று லேசான நீலமாகத் தெரிந்தது. உவர் நிலத்தில் விழுகிற விடியற்கால வெளிச்சம் மாதிரி. அதற்குள் கிடந்த பாய் சாம்பல் நிறமாகிவிட்டது. என் காலும் அதற்குள் கிடந்தது. செத்த மீன் மாதிரி வெளிறித் தெரிந்தது. பக்கத்தில் தம்பியின் பாதம் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது மட்டும் வெளிறவில்லை. பழுத்த மாம்பழத்தின் மஞ்சளாக இருந்தது.

கொஞ்சம் குந்தி இரி, போயிரும். நான் இருந்தேன். கிளிக் கதையைச் சொன்னேன். போகவில்லை. பயத்தில் கொஞ்சம் ஒன்றுக்குப் போய்விட்டேன்.

"உம்மா" என்றேன். "உங்கட கையை இந்த வெளிச்சத்துல வைங்க."

உம்மா ஏன் என்று கேட்கவில்லை. கையை நீட்டித் தம்பியின் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். மஞ்சள் பூசிக் குளித்த கைதான் அது. ஆனாலும் அது கை நிறமாக இருந்தது. தம்பியின் கால் வேறு.

உம்மா தம்பியை வாரி எடுத்துக்கொண்டு எழும்பினார். முக்காட்டுத் துணி கீழே விழுந்தது, அதைக்கூட எடுக்கவில்லை. கதவைத் திறந்து நேரே முற்றத்துக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

கிணற்றடியிலிருந்து மாமி கண்டுவிட்டு வாளியைப் போட்டார். "எங்க போறாய்? காத்துல புள்ளையைக் கொண்டு எங்க போறாய்? உள்ளுக்குப் போ."

உம்மா ஒருநாளும் மாமியின் சொல்லைத் தட்டியதில்லை. அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முற்றத்தின் நடுவில் நின்று, தன் உடம்பால் காற்றை மறைத்துக்கொண்டு, விரலால் தம்பியின் கண் இமையை மெல்லத் தூக்கினார்.

"மதினி, இங்க வந்து பாருங்க" என்றார். அவ்வளவு அமைதியாகச் சொன்னார்.

மாமி வந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கடைக்காரரின் கண்.

மாமி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "நான் மஞ்சளெண்டல்லவா நினைச்சன்" என்றார். "நான் உன்ட கையில உள்ள மஞ்சளெண்டல்லவா நினைச்சன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு எழும்பி, ஈரச் சேலையோடு தெருவுக்கு ஓடி, புத்தளத்துக்கு வெங்காயம் ஏற்றிப்போக நின்ற லொறி ஒன்றுக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றார்.

உம்மாவும் மாமியும் தம்பியும் முன்னால், நான் வெங்காய மூட்டைகளின் மேல். வலது பக்கம் வீடுகள், இடது பக்கம் களப்புத் தண்ணீர் பளபளத்துக்கொண்டே கூட வந்தது. வழியெல்லாம் நான் என் கையைத் திருப்பித் திருப்பி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். லொறி நிற்கும்போதெல்லாம் உம்மா அழுகிறாரா என்று காது கொடுத்தேன். உம்மா அழவில்லை. தம்பியின் சத்தமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டொக்டர், சிங்களவர், தம்பியின் நெஞ்சில் பெருவிரலை அமர்த்தி எடுத்தார். அமர்த்திய இடம் மஞ்சளாகவே எழும்பியது. அவர் கேட்டதை மாமி தமிழில் சொன்னார்.

"இவ்வளவு மஞ்சளான புள்ளையை ஏன் முந்தியே கொண்டு வரல்ல எண்டு கேக்கிறாரு."

"தெரியல்ல எண்டு சொல்லுங்க" என்றார் உம்மா.

"வீட்டுல அத்தனை பேர் இரிந்தும் தெரியல்லயா எண்டு கேக்கிறாரு."

அதோடு மாமி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார்.

உம்மாவின் இரத்தமும் தம்பியின் இரத்தமும் ஒத்துப்போகவில்லையாம். இரத்தம் மாற்ற வேண்டும், அது வரும் வரை வெளிச்சத்தில் வைக்க வேண்டும் என்றார்கள். எந்த வெளிச்சம் என்று எனக்கு விளங்கவில்லை. யன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அங்கே நீல நிறத்தில் எரிகிற குழாய் விளக்குகளுக்குக் கீழே தம்பியை உடுப்பில்லாமல் கிடத்தி, கண்ணைத் துணியால் கட்டினார்கள். உம்மா பக்கத்தில் நின்றார். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாததால் நானும் நின்றேன். அந்த நீலத்தில் தம்பியில் மஞ்சளும் இல்லை, உயிர் இருக்கிற நிறமும் இல்லை. வயிறு ஏறி இறங்குகிறதா என்பதைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. ஏறியது. இறங்கியது. நேரம் போகப் போக அந்த நீலமும் மறைந்து, சும்மா ஒரு வெளிர் வெளிச்சமாகத் தெரிந்தது.

பிறகு நேர்ஸ் எங்களை வெளியே போகச் சொன்னார். கதவைத் தாண்டி விறாந்தைக்கு வந்தேன். சுவர் மஞ்சள். நேர்ஸின் வெள்ளைச் சட்டை மஞ்சள். திரும்பி உம்மாவைப் பார்த்தேன். உம்மாவின் முகம், கழுத்து, கண், எல்லாம் மஞ்சள்.

நான் கத்தினேன் என்று மாமி பிறகு சொன்னார். எனக்கு ஞாபகம் இருப்பது உம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்ததுதான். தம்பியிடமிருந்து உம்மாவுக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். நீலத்துக்குப் பழகிய கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

விறாந்தையில் காத்திருந்த மாமி என்னைத் தூக்க வந்தார். "ஒண்டுமில்ல புள்ள. கொஞ்சம் குந்து. கண் பழகினாப் போயிரும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு இன்னும் பயம் வந்தது. "குந்த மாட்டன்" என்றேன். "உம்மா வெளியில வாங்க. வெயிலுக்கு வாங்க."

பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாத மனுசி. லொறியில் குலுங்கி வந்ததில் கால் வீங்கியிருந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையை என்னிடம் தந்துவிட்டு, அந்த நீள விறாந்தை முழுக்க என் பின்னால் நடந்து வந்தார். வெளியே ஒரு வேப்பமரம் நின்றது. அதன் நிழலைத் தாண்டி வெயிலுக்குப் போனோம். உம்மா என் உயரத்துக்குக் குனிந்து, தானே விரலால் கீழ் இமையை இழுத்துக் காட்டினார்.

"நல்லாப் பாரு" என்றார். "அவசரமில்ல. நல்லாப் பாரு."

வெள்ளை. சிவப்பு நரம்பு ஓடிய, தூக்கமில்லாத வெள்ளை. மற்றக் கண்ணையும் காட்டச் சொன்னேன். காட்டினார். அதன் பிறகுதான் உம்மா அழுதார். என் தோளில் முகத்தை வைத்து, சத்தமில்லாமல்.

பின்னேரம் வாப்பா வந்தார். யாரோ மதுரங்குளிக்குச் செய்தி அனுப்பியிருந்தார்கள். சேட்டுப் பையில் டெஸ்டரும் இன்சுலேஷன் சுருளும் அப்படியே இருந்தன. நேரே போய்த் தன் இரத்தம் சரிவருமா என்று கேட்டார். சரிவராது என்றார்கள். வேறு யாரோ ஒருவரின் இரத்தம் தம்பிக்கு ஏறியது. அது யார் என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியாது. வாப்பா விறாந்தையில் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"நீதான் கண்டதாம்?"

"ஓம்."

"நான் சொன்ன மாதிரி குந்தி இரிந்தியா?"

"ஓம் வாப்பா. குந்தி இரிந்தன். போகல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் பின்னறை யன்னலை இடித்துப் பெரிதாக்கினார். மாமி சீமெந்து குழைத்துக் கொடுத்தார்.

தம்பி பிழைத்தான். மஞ்சள் போய்விட்டது, பால் குடித்தான், கொழுத்தான், சிரித்தான். எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு மழைக் காலத்தில் இடி விழுந்து வீடு அதிர்ந்தது. நாங்கள் எல்லாரும் துள்ளினோம். தம்பி மட்டும் தரையில் இருந்து தன்பாட்டில் சிரட்டையை உருட்டிக்கொண்டிருந்தான். உம்மா அவன் பின்னால் போய் நின்று கை தட்டினார். மறுபடி தட்டினார். நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

மஞ்சள் காதைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. பெரிய சத்தம் லேசாகக் கேட்கும், பேச்சு கேட்காது. அவன் நம் வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் பேச்சைப் பிடித்தான். வாப்பா அவனோடு ஒருநாளும் நடந்துகொண்டோ முதுகைக் காட்டிக்கொண்டோ பேசியதில்லை. எதைச் சொல்வதானாலும் வேலையை வைத்துவிட்டு, வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, பிறகுதான் வாயைத் திறப்பார். வயரிங் வேலை முழுவதையும் அப்படியே சொல்லிக் கொடுத்தார். இன்று எங்கள் பக்கத்தில் தம்பி லைட் போடாத வீடு குறைவு.

வாப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் தொண்டையில் நோய் வந்து குரல் முழுதாகப் போய்விட்டது. உதடு அசையும், காற்று மட்டும் வரும். நாங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காதை அவர் வாயோடு வைத்துக் கேட்டோம். ஒன்றும் விளங்கவில்லை. அவர் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னார். என்ன கேட்கிறார் என்று தெரியாமல் உம்மா பயந்துபோய், உயிர் பிரிகிற நேரத்தில் ஓதுகிற யாஸீனை ஓதச் சொல்லிவிட்டார். அப்போது வேலையிலிருந்து தம்பி வந்தான். எங்களை விலக்கிவிட்டு, கட்டிலுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வாப்பாவின் உதட்டைப் பார்த்தான்.

உம்மா தம்பியின் தோளைத் தொட்டு அவனைத் தன் பக்கம் திருப்பினார். "என்ன மகன் சொல்றாரு?"

"தேத்தண்ணிக்குச் சீனி போதாதாம்" என்றான் தம்பி.

வாப்பா ஓம் என்று தலையாட்டினார். உம்மா எழும்பிக் குசினிக்குப் போய், சீனிப் போத்தலோடு திரும்பி வந்தார்.